திரும்பி வர்ற குழாயின் சூடு

என்ன சோலி பாக்குறீயன்னு கேட்டியள்லா? குளிர் உண்டாக்குற சோலி சார். தூத்துக்குடியில ஒரு இறால் கம்பெனி. குளிர் ரூமுக்கு நான்தான் எல்லாம். இருபத்தாறு வருஷம் ஆச்சு. பேரு சூசைமாணிக்கம். கையைப் பாருங்க, இந்த ரெண்டு விரல்ல நகம் ஒழுங்கா வளராது. கேஸ் பட்டு வெந்து போனது. குளிர்ல வேகுமான்னு கேக்காதிய, வேகும். அடுப்புல வெந்ததைவிட ஆற நாளாகும்.

குளிர்னு தனியா ஒரு பொருளு கெடையாது சார். படிச்சவங்களுக்கே இது தெரியாது. ரூமுக்குள்ள இருக்க சூட்டை அள்ளி வெளிய கொட்டுறோம், அம்புட்டுதான். அள்ளுறது யாரு? குழாய்க்குள்ள ஓடுற கேஸு. தண்ணியா உள்ள போவும். ரூமுக்குள்ள போயி கொதிக்கும். கொதிக்கும்போது சூட்டை உறிஞ்சும். கொதிக்கிறதுன்னா உலைத்தண்ணியை நெனச்சிராதிய. இது மைனஸ் முப்பதுல கொதிக்கும். கொதிச்சு ஆவியாகித் திரும்பி வரும். கம்ப்ரஸர் அந்த ஆவியைப் புடிச்சு அழுத்தி வெளிக் குழாய்க்கு அனுப்பும். அங்க சூட்டைக் கொட்டிட்டு மறுபடி தண்ணியாகும், மறுபடி உள்ள போவும். ராப்பகலா இதே சுத்துதான்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரலை. நானாத் தெரிஞ்சுக்கிட்டது. சரி, எல்லாமே நானாத் தெரிஞ்சுக்கிட்டதுன்னு சொல்ல முடியாது. பாதி. அந்த மிச்சப் பாதியாலதான் சார் வந்தது வினை.

முன்னாடியெல்லாம் நான் கையாலதான் பாப்பேன். திரும்பி வர்ற குழாயைத் தொட்டா போதும், மெஷினுக்கு என்ன நோவுன்னு சொல்லிருவேன். கேஜ்ல முள்ளு கீழ எறங்குச்சா, கேஸ் கொறச்சல், ஏத்து. இல்லைன்னா எக்ஸ்பான்ஷன் வால்வைக் கொஞ்சம் தொற. அந்த வால்வு வழியாத்தான் கேஸு ரூமுக்குள்ள போவும். தொறந்தா கூடப் போவும், அடைச்சா கொறையப் போவும். இருபத்தி நாலு வருஷம் இப்படியே ஓட்டினேன். ஒருத்தன் ஒரு குத்தம் சொன்னதில்லை.

அப்பதான் மேனேஜர் தனுஷ்கோடி சார் ஒரு புள்ளையக் கூட்டியாந்தாரு. ஜெஸிந்தான்னு பேரு. வேம்பார்க்காரி. பாலிடெக்னிக்ல இந்தக் குளிர் படிப்பைத்தான் படிச்சிருக்காளாம். இருபத்தி நாலு வயசு. நான் சோலிக்குச் சேந்த வருஷம் பொறந்தவ, கேட்டுக்கிடுங்க. "சூசை, இனிமே ரீடிங் எல்லாம் இந்தப் புள்ள எழுதும்"னாரு. அவளுக்கு டெக்னீஷியன்னு அட்டை போட்டுக் கழுத்துல மாட்டிக் குடுத்தாங்க. என் அட்டையில ஆபரேட்டர்.

எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்லை சார். அட்டையில என்ன இருக்கு? மெஷின் ரூம் சாவியை மட்டும் ஒரு மாசம் அவகிட்ட குடுக்கலை. அது பாதுகாப்புக்காக. பொம்பளப் புள்ள பாருங்க, ஓடுற பெல்ட்டு, சேலை கீலை மாட்டிக்கிட்டா? அவ பேண்ட்டுதான் போட்டிருந்தா, இருந்தாலும்.

வந்தவ என்ன பண்ணுனா, குழாய்ல கவ்வுற மாதிரி ஒரு தெர்மாமீட்டர் வச்சிருந்தா, அதை மாட்டுனா. சொவத்துல ஒரு அட்டவணையை ஒட்டுனா. ஒரு நோட்டு போட்டா. காலையில மத்தியானம் சாயந்திரம்னு எழுதுனா. நான் ஒரு நாள் கேட்டேன், "என்ன புள்ள, ஜாதகமா குறிக்கே?"

அவ கோவிச்சுக்கிடலை. "அண்ணாச்சி, கேஜ் காட்டுறது அழுத்தம்தானே. இந்த அழுத்தத்துல நம்ம கேஸு எத்தனை டிகிரியில கொதிக்கும்னு இந்த அட்டவணை சொல்லும். இப்ப உள்ள மைனஸ் இருபத்தெட்டுல கொதிக்குது. திரும்பி வர்ற குழாய் மைனஸ் இருபத்தொண்ணு. ஏழு டிகிரி வித்தியாசம். அந்த ஏழுதான் நமக்கு வேணும்"னா.

"ஏழுல என்ன இருக்கு?"

"கொதிச்சு முடிஞ்ச பொறவும் ஆவி கொஞ்சம் சூடேறி வருதுன்னு அர்த்தம். தண்ணி ஒரு சொட்டு மிச்சமில்ல. கம்ப்ரஸருக்கு ஆவியைத்தான் அழுத்தத் தெரியும் அண்ணாச்சி, தண்ணியை அழுத்தத் தெரியாது. தண்ணி வந்தா ஒடஞ்சிரும். வித்தியாசம் ரொம்பப் பெருசானா உள்ள கேஸு பத்தலை. ஒண்ணுமே இல்லாம ஆனா உள்ள கேஸு ஜாஸ்தி."

"இதை நான் தொட்டே சொல்லிருவேன்"னேன்.

"மைனஸ் இருபத்தொண்ணுக்கும் மைனஸ் இருபத்தேழுக்கும் கைக்கு வித்தியாசம் தெரியுமா அண்ணாச்சி?"

 ரெண்டும் சுடத்தான் செய்யும். நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

என் வீட்டுக்காரி ரோஸம்மாளும் அதே கம்பெனிதான். இறால் உரிக்கிற ஷெட்டுல. மத்தியானம் சோத்துச் சட்டியோட ஜெஸிந்தாகூடப் போயி உக்காந்துக்கிடுவா. ரெண்டும் பேசிச் சிரிக்கும். இருபது வருஷமா என்கூட உக்காந்து சாப்பிட்டவ. "அந்தப் புள்ளைக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்லைங்க"ன்னா. எனக்கு மட்டும் இருக்காக்கும்?

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, தடைக்காலம் முடிஞ்ச ஜூன் மாசம். ரெண்டு மாசம் கடலுக்குப் போகாம இருந்த போட்டு பூராவும் ஒண்ணாப் போயி ஒண்ணா வந்துச்சு. இறால்னா இறால். ரெண்டாம் நம்பர் ரூமு கூரை முட்ட நெறஞ்சிருச்சு. அப்பப் பாத்து ரூமுல குளிர் எறங்க மாட்டேங்குது. மைனஸ் பதினெட்டுல நிக்கணும். பதினஞ்சு ஆச்சு. பதினாலு ஆச்சு. கேஜ் முள்ளு கீழ கெடக்கு.

நான் மேனேஜர்கிட்ட சொன்னேன், "கேஸ் பத்தலை சார். ஏத்திருவோம், வால்வையும் கொஞ்சம் தொறந்து விடுதேன்."

அவ குறுக்க வந்தா. "இல்ல சார். கேஸ் கொறஞ்சிருந்தா வித்தியாசம் பெருசாகியிருக்கணும். ஆனா கொறஞ்சிருக்கு. மைனஸ் முப்பத்தஞ்சுல கொதிக்குது, திரும்பி வர்ற குழாய் மைனஸ் முப்பத்திரெண்டு. மூணுதான் வித்தியாசம். உள்ள கேஸு இருக்கு, ஆனா அதால சூட்டை உறிஞ்ச முடியலை. உள்ள கேஸு கொதிக்கிற சுருள் குழாய் இருக்குல்லா, அந்தக் காயில்ல ஐஸ் மூடிக்கிட்டு நிக்கி. ஐஸை உருக்குற ஹீட்டர் வேலை செய்யலைன்னு நெனைக்கேன். மெஷினை ஒரு பகல் நிறுத்தி ஐஸை உருக்கணும் சார். இப்ப வால்வைத் தொறந்தா தண்ணியாவே திரும்பி வந்து கம்ப்ரஸரை ஒடச்சிரும்."

சீசன் நேரத்துல மெஷினை நிறுத்தணும்ங்கா! மேனேஜர் என் மொகத்தைப் பாத்தாரு. அவ மொகத்தைப் பாத்தாரு. நோட்டை வாங்கிப் பொரட்டிப் பாத்தாரு. "ஞாயித்துக்கிழமை காலையில நிறுத்திக்கிடுவோம்"னாரு.

இருபத்தி நாலு வருஷம் சார். ஒரு நோட்டைப் பாத்துட்டுச் சொல்லிட்டாரு.

சனிக்கிழமை சாயந்திரம் அவ ரீடிங் எழுதிட்டு அஞ்சு மணிக்குக் கெளம்பிட்டா. நான் உள்ள போனேன். வால்வு மூடியைக் கழட்டித் திருப்புளியை வச்சேன். தொறந்தேன். எனக்கு அந்த மெஷினை ஒடைக்கணும்னு எண்ணமில்லை, சத்தியமாச் சொல்லுதேன். மறுநாள் காலைக்குள்ள ரூமு மைனஸ் பதினெட்டுக்கு வந்துட்டா, நிறுத்த வேண்டிய அவசியமே இருக்காதில்லையா? கம்பெனிக்கு நல்லதுதானே? முள்ளு மெள்ள மேல ஏறுச்சு. பாத்தியா, நான் சொன்னது சரிதான்னு வீட்டுக்குப் போயிட்டேன். இதைக் கோயில்ல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணும்போதுகூட நான் சொன்னதில்லை. பாவம்னு தோணுனாத்தானே சொல்ல?

காலையில வந்து பாத்தா ரூமு மைனஸ் பதிமூணு. சரி, இன்னும் கொஞ்ச நேரம் குடுத்திருந்தா எறங்கியிருக்கும். அதுக்குள்ள அவ நிறுத்திட்டா.

உள்ள போயி காயிலுக்குப் பின்னாடி லைட் அடிச்சுப் பாத்தா, ஐஸு. இந்தா, என் முழங்கை அளவு கனம். பாறை மாதிரி நிக்கி. ஹோஸ் வச்சுத் தண்ணி அடிச்சு அடிச்சு உருக்குனோம். ஷெட்டுப் பொம்பளைங்க பூராவும் வேடிக்கை பாக்க வந்துட்டாளுவ. பெரிய கட்டி ஒண்ணு பொத்துன்னு விழுந்துச்சு, கையைத் தட்டுறாளுவ. ரோஸம்மா ஜெஸிந்தா முதுகுல தட்டிக் குடுக்கா. "எங்க புள்ள சொன்ன மாதிரியே இருந்துச்சே!"ன்னா. எங்க புள்ளயாம். என்கிட்ட ஒரு வார்த்தை இல்லை. நானும்தானே ஹோஸைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்?

அந்தச் சலசலப்புல வால்வை எனக்கு மறந்தே போச்சு. மறந்து போச்சுன்னா, ஞாபகம் வந்துச்சு, ஆனா எல்லாரும் சுத்தி நிக்கும்போது எப்படிப் போயித் திருப்ப? "என்ன அண்ணாச்சி பண்ணுறீய?"ன்னு கேப்பாளே.

மூணு மணிக்கு மெஷினைப் போட்டோம். பட்டன் பக்கத்துல நான். அவ திரும்பி வர்ற குழாய்ல தெர்மாமீட்டரைக் கவ்வ வச்சுட்டு கேஜையும் அதையும் மாத்தி மாத்திப் பாக்கா. பத்து நிமிஷம் ஆச்சு. திடீர்னு கத்துனா, "அண்ணாச்சி, நிறுத்துங்க! வித்தியாசமே இல்லை! தண்ணியா வருது!"

நான் நிறுத்தியிருப்பேன் சார். சிவப்புப் பட்டன் என் கைக்கிட்டத்தான் இருந்துச்சு. ஆனா மேனேஜர் நிக்காரு, ரோஸம்மா நிக்கா, நாப்பது பொம்பளைங்க நிக்காளுவ. ஒரு பொடிச்சி கத்துனதும் நான் பட்டனை அமுக்கணுமா? "ஒரு நிமிஷம் ஓடட்டும் புள்ள, பதறாதே"ன்னேன். அவ ஓடி வந்தா. வந்து சேருறதுக்குள்ள மெஷினுக்குள்ள சுத்தியலால அடிக்க மாதிரி சத்தம். நாலு அடி. அஞ்சாவது அடிக்கு நின்னு போச்சு.

ராத்திரி பூரா தாங்குன மெஷினு சார்; நிறுத்திக் கெடந்த நேரத்துல தொறந்த வால்வு வழியாத் தண்ணி உள்ள எறங்கி நெறஞ்சிருக்கு. பொறவு ஒரே ஓட்டம். அந்த ரூமுக்கு வேற கம்ப்ரஸர் கெடையாது. கோயமுத்தூர்ல இருந்து வரணும், நாலு நாளாகும். பொட்டிகளைத் தூக்கி வேற கம்பெனி ரூமுகளுக்கு அனுப்புனோம். சீசன் நேரம், எவன் ரூமுல எடம் இருக்கு? பாதிதான் போச்சு. மிச்சம் உருகி நாறுச்சு. எல்லாரும் பொட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடும்போது நான் மெஷின் ரூமுக்குப் போயி வால்வைப் பழைய எடத்துக்கே திருப்பி, மூடியை மாட்டி வச்சிட்டேன். எது எங்க இருக்கணுமோ அங்க இருக்கணுமில்லையா?

மறுநாள் ஆபீஸ்ல விசாரணை. அவ நோட்டை நீட்டுதா. "சார், சனிக்கிழமை மூணு இருந்துச்சு. ஐஸை எடுத்த பொறவு ஏழுக்கு வரணும். ஆனா ஒண்ணுமில்லாமப் போச்சு. யாரோ வால்வைத் தொட்டிருக்காங்க." மேனேஜர் வந்து வால்வைப் பாத்தாரு. அது பழைய அடையாளத்துலயே நிக்கி. என்னைப் பாத்து, "சூசை, வால்வை யாராவது தொட்டாங்களா?"ன்னாரு.

"சார், ஓடுற மெஷினை நிறுத்தக் கூடாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்"னேன்.

பொய் சொல்லலை பாருங்க. கேட்டதுக்கு வேற பதில் சொன்னேன்.

அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அழுவான்னு நெனச்சேன். அழலை. அட்டையைக் கழட்டி மேசையில வச்சுட்டுப் போயிட்டா. தூத்துக்குடியில வேற எந்தக் கம்பெனியும் அவளை எடுக்கலை. பொம்பளப் புள்ள மெஷினை ஒடச்சிட்டாளாம்னு பேச்சு பரவிப் போச்சு. அதை நானா பரப்புனேன்? டீக்கடையில கேப்பான், நானும் உள்ளதைத்தானே சொல்ல முடியும்?

இறால் போனதால ஷெட்டையும் அந்த சீசன் பூரா மூடிட்டாங்க. ரோஸம்மா உப்பளத்துக்குப் போனா. நாலு மாசம். காலும் கையும் வெடிச்சு, புண்ணாகி, சோறு பெசைய முடியாது. ஸ்பூன்ல திம்பா. ஒரு நாள் நான் எண்ணெய் தடவி விடுதேன்னு கையைப் புடிச்சேன். உருவிக்கிட்டா. அதுக்கப்புறம் என்கிட்ட வீட்டுக்கு வேண்டியதை மட்டும்தான் பேசுவா. அரிசி இல்லை. கேஸ் தீந்துருச்சு. ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலை.

நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? அவ ஒட்டுன அட்டவணை சொவத்துலயே இருந்துச்சு. தெர்மாமீட்டரையும் விட்டுட்டுப் போயிட்டா. சும்மா கெடக்கேன்னு எடுத்து மாட்டிப் பாத்தேன். எழுதிப் பாத்தேன். ஒரு மாசத்துல புடிபட்டுப் போச்சு. ரெண்டு தடவை கேஸ் கசிவை முள்ளு காட்டுறதுக்கு முந்தியே நான் சொன்னேன், வித்தியாசம் பன்னெண்டுக்கு ஏறுனதை வச்சு. மேனேஜர் அசந்துட்டாரு. "சூசை, உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"னாரு. "அனுபவம் சார்"னேன். இப்ப என் அட்டையிலயும் டெக்னீஷியன்தான்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, இந்த வருஷம் கேஸை மாத்துற வரைக்கும். பழைய கேஸு இனிக் கெடைக்காதாம். புதுசா ஒரு கலவைக் கேஸு. அதுக்கு வந்த அட்டவணையில ஒரே அழுத்தத்துக்கு ரெண்டு வரிசை போட்டிருக்கான், ரெண்டுலயும் வேற வேற டிகிரி. எது நமக்கு? நான் முதல் வரிசையைப் பாத்தேன். வித்தியாசம் பதிமூணு வருது. அப்ப கேஸு பத்தலைன்னு அர்த்தம். ஆனா ரூமு அழகா மைனஸ் பதினெட்டுல நிக்கி. கொச்சியில இருந்து வந்த புது இன்ஜினியரு தெனமும் காலையில கேக்காரு, "வித்தியாசம் எவ்வளவு சூசை?" அனுபவம்னு சொல்லிச் சமாளிக்க முடியலை சார். 

யாருகிட்டக் கேக்க? வீட்டுல பேச்சு வாக்குல, "அந்த ஜெஸிந்தா இப்ப எங்க இருக்காளோ"ன்னேன். ரோஸம்மா தலையைத் தூக்காம, "நாகர்கோவில்ல. அவ அக்கா தையல் கடையில"ன்னா. "உனக்கு எப்படித் தெரியும்?" "வாரா வாரம் போன்ல பேசுதேன்"னா. கேட்டியளா சார்? ரெண்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, எனக்குத் தெரியாம.

இன்னைக்குக் காலையில போனேன். வடசேரியில ஒரு சந்துக்குள்ள சின்னக் கடை. காஜா எடுத்துக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும், "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. ரோஸம்மாக்கா நல்லாயிருக்காகளா? கை ஆறிட்டுதா?"ன்னா. எனக்கு மன்னிப்புக் கேக்கணும்னு ஒரு எண்ணம் இருந்துச்சு சார். எதுக்குன்னு இல்ல, பொதுவா. ஆனா வாயைத் தொறந்ததும், "ஒரே அழுத்தத்துக்கு ரெண்டு வரிசை போட்டிருக்கான் புள்ள, எதைப் பாக்கணும்?"னுதான் வந்துச்சு.

ஊசியைக் குத்தி வச்சுட்டு, ஒரு பில்லுக்குப் பின்னாடி படம் போட்டுச் சொன்னா. "இது மூணு கேஸைக் கலந்தது அண்ணாச்சி. ஒண்ணு முந்திக் கொதிக்கும், ஒண்ணு பிந்திக் கொதிக்கும். கொதிக்க ஆரம்பிக்கிற சூடு வேற, கொதிச்சு முடியிற சூடு வேற. திரும்பி வர்ற குழாய்ல எல்லாம் கொதிச்சு முடிஞ்சிருக்கணும்லா? அப்ப முடியிற வரிசையைத்தான் பாக்கணும். ரெண்டுக்கும் நடுவுல ஆறு டிகிரி இருக்கும். நீங்க தப்பான வரிசையைப் பாத்ததுலதான் பதிமூணு வந்திருக்கு. உள்ளது ஏழுதான். ஒண்ணும் தொடாதிய." ரெண்டே நிமிஷம் சார். காஜா எடுத்த விரலால எழுதுதா. ஊசி குத்தி விரல் நுனியெல்லாம் புள்ளி புள்ளியா இருந்துச்சு.

சரி புள்ள, வாரேன்னு எந்திரிச்சேன். துணியைக் கையில எடுத்துக்கிட்டே கேட்டா. "அண்ணாச்சி, அன்னைக்குச் சனிக்கிழமை எத்தனை சுத்து தொறந்தீய?"

கோவமாக் கேட்டிருந்தா நான் என்ன ஏதுன்னு கேட்டிருப்பேன். மணி என்னன்னு கேக்க மாதிரி கேட்டா. "ரெண்டரை"ன்னு வாயில வந்துருச்சு.

தலையை ஆட்டிக்கிட்டா. "நான் ஒரு சுத்துன்னு கணக்குப் போட்டிருந்தேன்"னா. அதுக்குள்ள ஒரு அம்மா ஜாக்கெட் வாங்க வந்துட்டாங்க. அவங்ககூடப் பேச ஆரம்பிச்சுட்டா. அம்புட்டுதான். நான் படியெறங்கி வந்து இந்த பஸ்ல ஏறிட்டேன்.

இப்ப நீங்களே சொல்லுங்க சார். ரெண்டு வருஷமாத் தெரிஞ்சு வச்சிருக்கா. நோட்டுல இருந்த நம்பரை வச்சே கண்டுபுடிச்சிருக்கா. ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கா. எவ்வளவு அழுத்தம் பாருங்க! மொகத்துக்கு நேரா ரெண்டு வார்த்தை வஞ்சிருந்தா எனக்கு இப்படி இருக்காது. அதுலயும் கணக்கு தப்பு. ஒரு சுத்துன்னு நெனச்சாளாம். ஒண்ணரைச் சுத்து கொறச்சுப் போட்டிருக்கா. படிச்ச புள்ள.

ஒருத்தர்கிட்டயும்னா, ரோஸம்மாகிட்ட சொல்லியிருப்பாளோ? வாரா வாரம் பேசுறவளுக்குச் சொல்லாமயா இருந்திருப்பா. சொல்லியிருப்பா. ஒரு சுத்துன்னுதான் சொல்லியிருப்பா. அதுக்கே என் வீட்டுக்காரி ரெண்டு வருஷமா மொகம் குடுத்துப் பேசலை.

இந்நேரம் ஜாக்கெட்டுக்காரி போயிருப்பா. போனைப் போட்டு ரெண்டரைன்னு சொல்லியிருப்பா.

தூத்துக்குடி போக இன்னும் எம்புட்டு நேரம் ஆகும் சார்?